விழுங்கிய இரண்டு சுற்று

"திங்கக்கெழம போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாராம்ணே!"

மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்ததும் மாடத்தி சொன்ன முதல் வார்த்தை இதுதான். போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்த பானா தங்கபாண்டியின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"யாரு? யார எழுதிக் குடுக்கப் போறாரு?"

"உங்க மாப்பிள்ளையத்தான். பெட்ரோலத் திருடி விக்காகளாம். தெனமும் வண்டிய எங்கயோ ஓட்டிட்டுப் போயிட்டு வாராகளாம். பில்டிங்கு பூராவும் கேக்கும்படிக்கு வாசல்ல வச்சுச் சொல்லிட்டாராம் இவுக மொதலாளி ஐயரு. வண்டிச் சாவியையும் புடுங்கிக்கிட்டாரு. வந்து சுவரப் பாத்துப் படுத்தவுக இன்னும் எந்திரிக்கல. சோறு எறங்கல."

மூலையில் கோணி போட்டு மூடியிருந்த குவியல்மேல் மாடத்தி தொப்பென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்திருப்பது எதன்மேல் என்று தங்கபாண்டிக்குத்தான் தெரியும். கோணிக்குக் கீழே இரண்டு புது டயர். ரப்பர் விளையும் மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த நாளிலிருந்து பம்பாயில் புது டயர் என்பது தங்கத்துக்குச் சமம். அந்த இரண்டும் எப்படி வந்தன என்பதைத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டால் அவள் புருஷன் பிழைத்துக்கொள்வான்.

அவன் சொல்லவில்லை.

"அழாத. நான் போயிப் பேசுதேன்" என்றான்.

"நீங்க சொன்னா கேப்பாருண்ணே. வண்டி விஷயத்துல தங்கபாண்டி சொன்னா சொன்னதுதான்னு அவரே சொல்லுவாராம். இவுகளும் சொன்னாக: 'மச்சான் கை பட்டதிலிருந்து வண்டி குதிரை மாதிரி பாயுது'ன்னு."

குதிரை மாதிரி பாயத்தான் செய்யும். ஏன் பாய்கிறது என்பதும் தங்கபாண்டிக்குத் தெரியும்.

*

அந்த ஐயர், மாட்டுங்கா அனந்தகிருஷ்ணன், பம்பாய் கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய அதிகாரி. ஆறு வருஷத்துப் பழைய டாட்ஜ் கார் ஒன்று வைத்திருந்தார். ஓட்டுபவன் இசக்கிமுத்து. தாராவியில் தோல் ஷாப்புகளை ஒட்டிய சந்தில் தங்கபாண்டியின் ஷெட். அதற்கு மூன்று வீடு தள்ளி இசக்கிமுத்துவும் மாடத்தியும்.

மழை ஓய்ந்ததும் அந்த டாட்ஜ் ஷெட்டுக்கு வந்தது. பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. பின் ஆக்ஸிலில் எண்ணெய்க் கசிவு, அவ்வளவுதான். தங்கபாண்டி ஆக்ஸிலைப் பிரித்துப் போட்டிருந்த சமயத்தில்தான் கொலாபாவில் சிப்பாய்களை ஏற்றி ஓட்டும் ஒரு டாக்ஸிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் வண்டியும் டாட்ஜ். ஆனால் டாக்ஸிக்கென்று செய்த ஆக்ஸில். பெரிய பல்சக்கரத்தில் நாற்பத்துமூன்று பல், சின்னதில் பத்து. இழுவை பிரமாதம், பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும். ஐயர் வண்டியிலோ முப்பத்தொன்பதுக்குப் பத்து. நிதானமாகச் சுற்றும் எஞ்சின், சிக்கனம்.

"மிஸ்திரி பாய், அத எனக்கு மாட்டு. என்னோடத அதுல மாட்டு. ரெண்டும் ஒரே கூட்டுக்குள்ள உக்காரும். எவனுக்குத் தெரியப்போவுது?" என்றான் டாக்ஸிக்காரன். மறுநாள் இரண்டு டயரோடு வந்தான். எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாத டயர்.

தங்கபாண்டி கேட்கவில்லை. மாட்டினான்.

வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடுகிற வண்டிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒன்றை மட்டும் அவன் யோசிக்கவில்லை. மைல் காட்டும் மீட்டரின் கேபிள் கியர்பாக்ஸின் வாலிலிருந்து கிளம்புகிறது. சக்கரம் எத்தனை சுற்றியது என்று அதற்குத் தெரியாது. நடுவில் ஓடும் நீள ஷாஃப்ட் எத்தனை சுற்றியது என்றுதான் தெரியும். ஷாஃப்ட் கூடச் சுற்றினால் ஓடாத மைலையும் ஓடியதாகக் காட்டும்.

அனந்தகிருஷ்ணன் தினமும் மாலை வீட்டு வாசலில் இறங்கும்போது மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு மீட்டரைப் பார்ப்பார். ஆபீசுக்குப் போக வரப் பதினான்கு மைல். மழைக்குப் பிறகு அது பதினைந்தரையாகிவிட்டது. பெட்ரோலும் சீக்கிரம் தீர்ந்தது. தாம் ஆபீசில் இருக்கும் நேரத்தில் டிரைவர் ஒன்றரை மைல் எங்கோ போய், டாங்கியிலிருந்து உறிஞ்சி விற்றுவிட்டு வருகிறான் என்று கணக்குப் போட்டார். கணக்கில் பிழை சொல்ல முடியாது. இந்த மாதத்துப் பெட்ரோல் ரேஷன் கூப்பன் மாதம் முடியுமுன்பே காலியாகி வண்டி வாசலில் நின்றுவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் கத்திவிட்டார். ரேஷன் பெட்ரோலை விற்றவனுக்கு ஜெயில் என்பது ஊருக்கே தெரிந்த சட்டம்.

மாடத்தி வந்து சொன்ன அன்றே, பழைய பல்சக்கரத்தைத் திரும்ப வாங்கத் தங்கபாண்டி கொலாபாவுக்கு ஓடினான். அந்த டாக்ஸி கைமாறி நாசிக் பக்கம் போய்விட்டதாம்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. மாட்டுங்காவில் கோயிலுக்குப் போகிறவர்கள் ஈர முடியோடு நடந்துகொண்டிருந்தார்கள். பெரிய ஜாக்கியைத் தோளில் சுமந்துகொண்டு தங்கபாண்டி முன்னால் போனான். இசக்கிமுத்து இரண்டடி பின்னால் வந்தான். முகத்தில் சவரம் இல்லை.

"மச்சான், நீங்க வருவீகன்னு அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் ஒங்களத் தொந்தரவு பண்ண மனசு வரல" என்றான்.

தங்கபாண்டி ஜாக்கியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

அவன் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தான். இரண்டு பேரையும் காப்பாற்றுகிற பொய். வாசலில் அனந்தகிருஷ்ணன் தோன்றியதும் அதை எடுத்துவிட்டான்.

"ஐயா, டயரு தேஞ்சு போச்சு. தேஞ்ச டயரு சின்னதாயிரும். சின்னச் சக்கரம் அதிகமாச் சுத்தும். அதான் மீட்டரு கூடக் காட்டுது. இவன் மேல தப்பில்ல."

அனந்தகிருஷ்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். குனிந்து டயரைத் தடவினார்.

"டயர் தேஞ்சுதான் இருக்கு. ஒத்துக்கறேன். எவ்வளவு தேஞ்சிருக்கும், அரை இஞ்ச்? அதுக்கு நூத்துக்கு ரெண்டு ஏறும். இங்க பத்துக்கு ஒண்ணுன்னா ஏறறது! நாப்பது வயசுக்கு மேல ஆனவன் எப்போ சாவான்னு கணக்குப் போடறதாக்கும் என் உத்தியோகம். என்கிட்டயா டயர்க் கதை?"

"ஐயா..."

"இரு. நோக்கு மச்சினன் மேல பாசம் இருக்கும். எனக்கும் ஒருத்தனை அநியாயமா மாட்டி வைக்கணும்னு ஆசையில்லை." அவர் உள்ளே போய்க் காரோடு வந்த கையேட்டை எடுத்து வந்தார். "மீட்டர் கூடக் காட்றதுக்கு ரெண்டே காரணமாம். ஒண்ணு டயர், இன்னொண்ணு பின் ஆக்ஸில். எங்க ஆபீஸ்ல வண்டி சேதம் பாக்கற சர்வேயர் சொன்னார். இதில முப்பத்தொம்பதுக்குப் பத்துன்னு போட்டிருக்கான். சக்கரத்தைச் சுத்தி எண்ணினா தெரிஞ்சுடுமாமே?"

தங்கபாண்டி ஜாக்கியைக் கீழே இறக்கி வைத்தான்.

"தெரியும்யா."

"வேற மிஸ்திரியைக் கூப்பிட்டா அவன் வேணும்னே உன் பேர்ல ஏதானும் பழி போடுவான். நீயே பண்ணு. உன்னை நம்பறேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"ஷாஃப்ட நான் எண்ணுதேன்யா" என்று இசக்கிமுத்து முன்னால் வந்தான். "எம் பேருதான நாறிக் கெடக்கு. என் வாயாலயே எண்ணிச் சொல்லுதேன்."

"நல்லது. அப்பறம் யாரும் யாரையும் ஏமாத்தினான்னு சொல்லப்படாது."

தங்கபாண்டி கை பழகிய வேலையைச் செய்யத் தொடங்கினான். இடது பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தான். வலது சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினான். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். டயரில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேராக மட்கார்டில் ஒரு கோடு. இசக்கிமுத்து வண்டிக்கடியில் ஊர்ந்துபோய் ஷாஃப்டின் உச்சியில் ஒரு கோடு போட்டான்.

"ஒத்தச் சக்கரத்த மட்டும் சுத்தினா ஷாஃப்ட் பாதிக் கணக்குத்தான் காட்டும்யா" என்றான் தங்கபாண்டி. "அதனால பத்துச் சுத்துக்குப் பதிலா இருவது சுத்தணும். கையேட்டுல சொன்னபடி இருந்தா ஷாஃப்ட் சரியா முப்பத்தொம்பது சுத்து சுத்தும். அந்தக் கோடு பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கும்."

"ஆரம்பி."

சக்கரத்தைப் பிடித்தான். சுற்றினான்.

"ஒண்ணு."

வண்டிக்கடியிலிருந்து இசக்கிமுத்து முணுமுணுவென்று எண்ணும் சத்தம் கேட்டது. அனந்தகிருஷ்ணன் பக்கத்திலேயே நின்று, டயர்க் கோடு மேலே வரும்போதெல்லாம் விரலை மடக்கினார்.

"ரெண்டு... மூணு..."

நாற்பத்துமூன்று வரப்போகிறது. வந்தால் அடுத்த கேள்வி, அந்தப் பல்சக்கரம் எங்கிருந்து வந்தது என்பதாகத்தான் இருக்கும். ஆக்ஸிலைத் திறந்தவன் ஒரே ஒருவன். ஷெட் போகும், பேர் போகும், டயர் எங்கே என்று போலீஸ் கோணியைத் தூக்கும்.

"ஏழு... எட்டு..."

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் இரண்டு சுற்றும் கொஞ்சமும் சுற்றுகிறது. இங்கே இரண்டு சுற்றை விழுங்கிவிட்டால் அங்கே நான்கு குறையும். நாற்பத்துமூன்று முப்பத்தொன்பதாகிவிடும். இந்தக் கணக்கை அவன் வேண்டுமென்று போடவில்லை. கை சுற்றிக்கொண்டிருக்கும்போது அது தானாக மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பதினொண்ணு..."

"ஏன்னா! காப்பி ஆறிண்டிருக்கு!" மாடியிலிருந்து அனந்தகிருஷ்ணனின் மனைவி அபயாம்பாள் குரல் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா தெருவில நின்னுண்டு சக்கரம் சுத்தணுமா?"

அனந்தகிருஷ்ணன் அண்ணாந்து பார்த்தார். "இதோ வரேண்டி, மூடி வை!"

"பதினாலு" என்றான் தங்கபாண்டி.

குரல் அவனுடையதாகவே இல்லை. அனந்தகிருஷ்ணன் திரும்பினார். மடங்கியிருந்த விரல்களைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு தங்கபாண்டியின் எண்ணோடு சேர்ந்துகொண்டார்.

"பதினஞ்சு..."

வண்டிக்கடியில் முணுமுணுப்பு ஒரு நொடி நின்றது. மறுபடி தொடர்ந்தது.

"பத்தொம்பது... இருவது."

கை நின்றது.

"எத்தனைடா?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"முப்பத்தொம்பது" என்றான் இசக்கிமுத்து. "முழுசா இல்ல. கால் சுத்து கொறையுது. கோடு உச்சிக்கு வரல."

"சாக்குக் கோட்டில கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்." அனந்தகிருஷ்ணன் கையேட்டைப் படாரென்று மூடினார். "ஆக, வண்டி சரியாத்தான் இருக்கு. வண்டி பொய் சொல்லலை. இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்? உன் வாயாலயே எண்ணிட்டாய் இசக்கி. நாளைக்கு ஸ்டேஷன்ல பேசிக்கோ."

அவர் படியை நோக்கி நடந்தார். வாசலில் நின்ற பால்காரனும், மாடி ஜன்னல்களில் தெரிந்த நாலைந்து முகங்களும் இசக்கிமுத்து வெளியே வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

அவன் வரவில்லை. தங்கபாண்டி முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தான். மல்லாந்து படுத்திருந்த இசக்கிமுத்து தலையைத் திருப்பினான். கண்ணில் கிரீஸ் விழுந்தவன்போலச் சிமிட்டினான். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

"பன்னெண்டும் பதிமூணும் எங்க போச்சு, மச்சான்?"

தங்கபாண்டி சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லைப் பிடித்தான்.

"சரி, விடுங்க" என்றான் இசக்கிமுத்து. "கல்ல எடுத்துராதீக. நான் வெளிய வந்துக்கிடுதேன்."

அவன் மெல்ல ஊர்ந்து வெளியே வந்தான். சட்டை முதுகைத் தட்டிக்கொண்டான். ஐயரைக் கூப்பிடவில்லை. ஜன்னல்களைப் பார்க்கவில்லை. ஜாக்கியின் கைப்பிடியை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். அந்தத் துடைப்பைத்தான் தங்கபாண்டியால் தாங்க முடியவில்லை.

"ஐயா!"

அனந்தகிருஷ்ணன் முதல் படியில் நின்றார்.

"இன்னொரு தடவ எண்ணணும்யா."

"எதுக்கு?"

"நான் தப்பா எண்ணிட்டேன்."

"நானும் கூட எண்ணினேனே."

"நீங்க மாடியப் பாத்தீக. அப்போ ரெண்டு சுத்த நான் முழுங்கிட்டேன். பதினொண்ணுக்கு அடுத்தாப்புல பதினாலுன்னேன்."

அனந்தகிருஷ்ணன் இறங்கி வந்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டார். "தள்ளு" என்றார். அவரே சக்கரத்தைப் பிடித்தார். இந்தத் தடவை எண்ணியதும் அவரே. சத்தமாக, பால்காரனுக்கும் கேட்கும்படி. இடையில் அபயாம்பாள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை. இருபதாவது சுற்று முடிந்து டயர்க் கோடும் மட்கார்டுக் கோடும் நேராக நின்றன.

"நாப்பத்திமூணு" என்றான் இசக்கிமுத்து வண்டிக்கடியிலிருந்து. "கோடு நட்டமா உச்சியில நிக்குய்யா."

"நாப்பத்திமூணு எப்படி வரும்?" அனந்தகிருஷ்ணனின் கைகள் கறுத்திருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கம்பெனிக்காரன் தப்பாப் போட்டுட்டானா?"

நல்ல வாய்ப்பு. ஆமாம் என்று சொன்னால் போதும். இசக்கிமுத்துவும் தப்பிப்பான், தானும் தப்பிக்கலாம். அமெரிக்காவிலிருந்து எவனும் வந்து மறுக்கப்போவதில்லை. தங்கபாண்டி வண்டிக்கடியைப் பார்த்தான். இசக்கிமுத்து வெளியே வராமல் அங்கேயே படுத்திருந்தான்.

"கம்பெனிக்காரன் சரியாத்தான் போட்டான். நான் மாத்திட்டேன்" என்றான் தங்கபாண்டி.

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. டாக்ஸிக்காரன், இரண்டு டயர், மாடத்தி வந்து அந்த டயர்மேலேயே உட்கார்ந்து அழுதது, எல்லாம் வந்தது. அனந்தகிருஷ்ணன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்:

"இவனை நான் திருடன்னு கத்தினது நோக்குத் தெரியும்?"

"தெரியும்யா."

"தெரிஞ்சுண்டா என்கிட்ட வந்து டயர்க் கதை சொன்னாய்?"

"ஆமாய்யா."

"தெரிஞ்சுண்டா ரெண்டு சுத்தை முழுங்கினாய்?"

தங்கபாண்டி டயரில் இருந்த கோட்டைக் கட்டைவிரலால் அழித்தான்.

"போலீசுக்கு எழுதி வச்சாச்சு. பேரை மட்டும் மாத்தினாப் போரும்." அனந்தகிருஷ்ணன் மூச்சு வாங்கினார். "உன் தங்கைக்கு இவன் புருஷன், நீ அண்ணா. எந்தப் பேரை எழுதினாலும் அவள்தான் அழணும். நான் எழுதலை. ஆனா அடுத்த மாசக் கூப்பன் வரதுக்குள்ள பழைய கணக்கில பல்சக்கரம் இந்த வண்டிக்கு வந்தாகணும். உன் ஷெட்டில வச்சில்லை. இங்க, இதே தெருவில, என் கண்ணு முன்னாடி."

"அந்த டயரு ரெண்டையும் குடுத்தா யாரானும் ஒரு செட்டு குடுப்பாகய்யா."

"டயர்ப் பேச்சை என் காதில போடாதே."

இசக்கிமுத்து வெளியே வந்து எழுந்து நின்றான். அனந்தகிருஷ்ணன் இடுப்பு மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். கிரீஸ் கையில் அது ஒட்டிக்கொண்டது. அதைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார். மாடி ஜன்னல்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அன்றைக்குக் கத்திய அதே குரலில் சொன்னார்:

"இசக்கிமுத்து பேர்ல ஒரு தப்பும் இல்லை! நான்தான் தப்பாச் சொன்னேன்! கேட்டாச்சோல்லியோ எல்லாருக்கும்?"

சாவியை அவன் கையில் திணித்தார். "நாளைக்கு வந்துடு. பெட்ரோல் கிடையாது. பரவாயில்லை, வண்டியைத் துடை."

*

தாராவிக்குத் திரும்பும்போது ஜாக்கியை இசக்கிமுத்து சுமந்தான். கேட்டும் தரவில்லை. தோல் ஷாப் நாற்றம் மூக்கில் ஏறத் தொடங்கியது.

"மொதல்லயே ஏம்ல கேக்கல?" என்றான் தங்கபாண்டி கடைசியில். "பதினாலுன்னு சொன்னப்பவே கத்தியிருக்கலாம்லா?"

"கத்தினா ஒங்களத் திருடன்னு சொல்லணும். ஐயரு எனக்கு அன்னியம், அவரு என்னச் சொல்லிட்டாரு. நான் எப்படி ஒங்களச் சொல்ல?" இசக்கிமுத்து நடந்துகொண்டே ஜாக்கியைச் சரிசெய்தான். "பல்லு மாறியிருக்குன்னு எனக்கு மொத நாளே தெரியும். பெடல மிதிச்சாத் தெரியாதா? மச்சான் நல்லதுக்குத்தான் மாத்தியிருப்பாகன்னு நெனச்சேன். அது மீட்டர்ல ஏறும்னு எனக்குத் தோணல. சேதி கேட்டதுமே ஒங்களுக்குத் தோணிச்சு."

சந்து முனையில் இசக்கிமுத்து நின்றான். ஜாக்கியை இறக்கி வைத்தான்.

"மாடத்திகிட்ட நான் சொல்ல மாட்டேன். வேல திரும்பக் கெடச்சிட்டு, அவ்வளவுதான் சொல்லுவேன். மிச்சத்தச் சொல்லுததும் சொல்லாததும் ஒங்க பாடு." அவன் தண்ணிக் குழாயை நோக்கிப் போனான், கிரீஸைக் கழுவ.

சேதி அவர்களை முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தது. கோயிலுக்குப் போய்வந்த யாரோ, ஐயர் தெருவில் நின்று கத்தியதைச் சொல்லியிருக்கிறார்கள். மாடத்தி வாசலிலேயே நின்றாள். இரண்டு நாளாக வாடிக் கிடந்த முகம் மலர்ந்திருந்தது.

"எண்ணே! வாங்க வாங்க! நீங்க போனா நடக்கும்னு எனக்குத் தெரியும்லா? உள்ள வாங்க. வாவல் மீனு வாங்கியாந்து கொழம்பு வச்சிருக்கேன். இவுக குளிச்சிட்டு வரட்டும், நீங்க மொதல்ல உக்காருங்க."

கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்கார வைத்தாள். தட்டை வைத்தாள். சோற்றைப் போட்டு, குழம்பிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்துத் தேடி எடுத்து வைத்தாள்.

"நடுத்துண்டு. ஒங்களுக்குத்தான். கூடப் பொறந்தவன் இருக்கான்னு ஊருக்குக் காட்டிட்டீகண்ணே."

கைகழுவத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். தங்கபாண்டி அதை வாங்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்து, சோறு சிந்தாமல், மெல்ல அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"மாடத்தி, இத எடுத்து மூடி வை. மொதல்ல இங்க உக்காரு. ஷெட்டுல கோணி மேல உக்காந்தியே, அதுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு சொல்லுதேன்."

அவள் செம்போடு நின்றாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.